போயிட்டாக

என் அப்பா சுருளிராஜன் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். கடமலைக்குண்டுச் சந்தையில் இதை நான் சொன்னால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள், ஏனென்றால் அவரே எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டார். வருசநாட்டில் படப்பிடிப்பு நடந்தபோது எங்கள் தக்காளிக் காட்டில்தான் கேமராவை வைத்தார்கள். கதைப்படி, ஊருக்கு வந்த நல்ல வாத்தியாரைத் தேடி அரிவாளோடு ஒரு கும்பல் வரும். கிணற்றடியில் நிற்கிற விவசாயி அவரைக் காப்பாற்ற, "அவுக அப்பவே போயிட்டாக" என்று பொய் சொல்வார். அந்த விவசாயிதான் அப்பா. அவருக்கு இருந்தது அந்த ஒரே வசனம். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்களாம்.

படம் வந்ததும் குடும்பத்தோடு தேனிக்குப் போய்ப் பார்த்தோம். திரையில் அப்பாவின் வாய் அசைந்தது. ஆனால் வேறு யாரோ ஒருவரின் வழவழப்பான குரல், "அவங்க அப்பவே போயிட்டாங்க" என்றது. அப்பா அம்மா பக்கம் திரும்பி, "மொகம் நல்லாத் தெரிஞ்சுச்சுல்ல?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நானும் விட்டிருப்பேன். பதினோராம் வகுப்பில் ஜெபஷீலா டீச்சர் தமிழ் எடுக்க வந்தது என் கிரகம்.

டீச்சர் ஒரு சிறுகதையை நடத்துவார். அடுத்த வகுப்பில் புதுப்படம் ஒன்றைப் போடுவார். இரண்டுக்கும் ஒரே கேள்விகள்தான். யார் பேசுகிறார்கள்? யாரைப் பேசவிடவில்லை? யார் பேச்சில் யார் கைவைத்தது? தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "படம் காட்டவா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் டீச்சர் எங்கள் ஊரில் எடுத்த படத்தையே போட்டார். அப்பா வந்ததும் பையன்கள் விசிலடித்தார்கள். நான் இந்த முறை காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய வகுப்பில் படித்த கதையில் நல்லவர், கெட்டவர் எல்லோரும் ஒரே ஊர்ப் பேச்சுத்தான் பேசினார்கள். இந்தப் படத்தில் அப்படி இல்லை. "வெட்டிட்டாக", "கொளுத்திட்டாக" என்று எங்களைப் போலப் பேசியது அரிவாள் கும்பல் மட்டும்தான். இதே ஊர்க்காரியான கதாநாயகியும், அவள் அம்மாவும், என் அப்பாவும் 'ங்க' போட்டுப் பேசினார்கள். அதாவது எங்கள் ஊரில் ஒருவன் நல்லவனாக இருந்தால் அவன் நாக்கை மாற்றிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையையும் படத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னபோது, கடைசிப் பத்தியில் அதைத்தான் எழுதினேன்.

டீச்சர் அதைச் சிறந்த கட்டுரை என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் படத்தின் இயக்குநரே வருகிறார் என்று செய்தி வந்தது. சங்கரலிங்கம் சாருக்கு ஒரே ராத்திரியில் சினிமா மேல் பக்தி வந்துவிட்டது. 'திரைப்படமும் இலக்கியமே' என்று பேனர் அடித்தார். என் கட்டுரையை மேடையில் வாசிக்க வேண்டும் என்றார். வாங்கிப் படித்த பிறகு முகம் மாறிவிட்டது.

"நாகஜோதி, கடைசிப் பத்தி வேணாம். வந்த விருந்தாளியக் குத்தம் சொல்றதா? அத வாசிச்சேன்னா இந்தப் பட வகுப்புக்கு அன்னையோட மூடுவிழா."

நான் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தேன். அவர் சாரின் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், "ஒன் கட்டுரை, நீதான் முடிவு பண்ணணும்" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம்.

வீட்டில் அப்பா விழாவுக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் எட்டிவிட்டது.

"ஏ ஆத்தா, நான் ஒங்கிட்டக் கேட்டனா? என் கொரலு நல்லால்லங்கறத ஊருக்கே மைக்கு வச்சுச் சொல்லணுமா?"

"ஒங்க கொரலு நல்லால்லன்னு யாருப்பா சொன்னா?"

"நல்லாருந்தா அவுக ஏன் மாத்தப் போறாக?"

இத்தனை நாளும் மனுஷன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முகம் நல்லாத் தெரிந்ததா என்று கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகை வந்தது. அழவில்லை. கடைசிப் பத்தியை வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

விழாவில் கடைசிப் பத்திவரை நல்ல பிள்ளையாக வாசித்தேன். சங்கரலிங்கம் சார் கை தட்டத் தயாரானார். நான் தொடர்ந்து வாசித்தேன். "எங்கள் ஊர்ப் பேச்சை அரிவாள்காரர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். என் அப்பாவிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்கள்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இயக்குநர் சிரித்தபடி மைக்கை வாங்கினார். "தங்கச்சி, வேற ஒண்ணும் இல்லம்மா. படம் எல்லா ஊர் ஜனங்களுக்கும் புரியணும் இல்லையா? அதுக்காக மாத்துறதுதான்."

எனக்கு மைக் தேவைப்படவில்லை. "அருவா வச்சிருந்தவுக பேசுனது மட்டும் எல்லா ஊருக்கும் எப்பிடி சார் புரிஞ்சுச்சு?"

பின் வரிசையில் ஒரு விசில் கிளம்பியது. பிறகு மொத்தக் கூட்டமும் கத்தியது. இயக்குநர் "நல்ல கேள்வி" என்றார். போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மேடைக்குப் பின்னால் சங்கரலிங்கம் சார் என்னை விட்டுவிட்டு டீச்சரைப் பிடித்தார். "நாளைக்கு ஒங்க பட வகுப்பு எப்படி நடக்குதுன்னு நானும் பாக்குறேன்."

"பெஞ்சுல எடம் போட்டு வைக்கிறேன், சார். வந்து ஒக்காந்தே பாருங்க" என்றார் டீச்சர். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

சிறுமிகளின் நடனம் முடிந்தபோது இயக்குநரின் நாற்காலி காலியாக இருந்தது. சார் பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலில் அப்பா தனியாக நின்றிருந்தார்.

"டைரக்டரு எங்கய்யா?"

அப்பா கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். கிணற்றடியில் நின்றது மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பிறகு, மைக்செட்காரர்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"அவுக அப்பவே போயிட்டாக."