அடுப்பை விட்டு நகராதே

எதெல்மிரா சூப்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது நகராட்சி அதிகாரி பரேதெஸ் கொட்டகைக்குள் தலையை நுழைத்தான். படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்காமலேயே சிரித்தான். அவன் சிரித்தால் ஏதோ வம்பு வருகிறதென்று அவளுக்குத் தெரியும்.

"வாசம் தூக்குதே, அக்கா. வியாழக்கிழமை காலைல ஆய்வு வச்சிருக்கோம். பானை கொதிச்சிட்டு இருக்கணும், தலைவி நீங்க பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா பானையோட பதிவு போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"வியாழக்கிழமையா? வெள்ளிக்கிழமை வாங்களேன் சார்."

"நான் என்னக்கா பண்ணுவேன்? மேலிடத்து உத்தரவு."

வியாழக்கிழமை காலையில் எதெல்மிரா எங்கே இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். தலைநகர் லீமாவின் விளிம்பிலுள்ள அந்தக் குன்றுகளில் எல்லாருக்கும் தெரியும். நாடாளுமன்றத்தின் வரவு செலவுக் குழு முன்னால், பொதுப்பானைகளில் சமைக்கும் பெண்கள் எல்லாருக்காகவும் அவள் பேச வேண்டிய நாள் அது.

பெருந்தொற்றில் வேலை போன வீடுகள் ஒன்றுசேர்ந்து பசியாற மூட்டிய அடுப்புகள் அவை. நோய் போனது. அடுப்புகளை அணைக்கத்தான் முடியவில்லை. அரிசியும் எண்ணெயும் நகராட்சி வழியாக வந்தன. வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. மேயர் கூட்டத்துக்குக் கைதட்டப் போகாத பானைக்கு மறுமாதம் மூட்டை வராது, காரணமும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பெண்கள் கூடிக் கூடிப் பேசி இரண்டே கோரிக்கைகளில் வந்து நின்றார்கள். ஆண்டுதோறும் உணவுக்கென்று தனியாக நிதி ஒதுக்க வேண்டும். விசாரிக்காமல் எந்தப் பானையையும் நீக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். காது கொடுத்துக் கேட்கும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப் பிடிக்க ஒரு கோடை முழுவதும் போயிற்று.

பரேதெஸ் இறங்கிப் போனதும் எதெல்மிரா எதிர்க்குன்றின் தலைவி சத்துர்னீனாவுக்குப் போன் போட்டாள்.

"உனக்கும் வியாழனா?" என்று சத்துர்னீனாவே முந்திக்கொண்டாள். "இங்க எல்லாப் பானைக்கும் அதே நாள்தான்டி. நம்ம அடுப்போடயே நம்மளக் கட்டிப் போட்டுட்டானுங்க."

எதெல்மிரா போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். மூடுபனி குன்றை அடைத்துக்கொண்டு நின்றது. கீழே ஊர் இருப்பதே தெரியவில்லை. போனால் பானை போகும். போகாவிட்டால், பரேதெஸ் சிரிக்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு, காலம் பூராவும் இங்கேயே நின்று கிண்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

உடன் சமைக்கும் ருஃபீனா காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவன் காட்டுப் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இந்தப் பானைதான் வீடு.

"நீ போகக்கூடாது," என்றாள்.

"போகலேன்னா சட்டம் வராது, ருஃபீனா."

"சட்டத்தையா என் பிள்ளைங்க தட்டுல போடப் போறே? உனக்கு மைக்கு கெடைக்கும். எனக்கு என்ன கெடைக்கும்? வெறும் தண்ணிதான்."

"இப்பிடியே அவன் கால்ல விழுந்துட்டே இருக்கச் சொல்றியா?"

"விழுந்தாவது அரிசி வருதுல்ல!" கத்தியை டக்கென்று பலகையில் வைத்தாள் ருஃபீனா. "அவ்வளவு ஆசையா இருந்தா பானையையும் தலையில தூக்கிட்டுப் போ. அங்கேயே வந்து பாக்கட்டும் அந்த ஆளு!"

கோபத்தில் வந்த வார்த்தைதான். எதெல்மிரா பானையைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் சத்துர்னீனாவுக்குப் போன் போட்டாள்.

வியாழன் விடிந்ததும், ஈரப் படிகளில் இரண்டு பெண்கள் பானையைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து இறங்கினார்கள். முன்னால் போனவள் எதெல்மிரா, பின்னால் வந்தவள் ருஃபீனா. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் கம்பை விடவில்லை. மீன் சந்தைக்குப் போகும் லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். பக்கத்துக் குன்றுகளிலிருந்தும் பானைகள் வந்தன. எல்லாம் அல்ல, பாதிக்கும் கீழே. மற்றவர்கள் பயந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

நாடாளுமன்றத்துக்கு முந்தைய தெருவிலேயே போலீஸ் தடுப்பு. பானைகள் நடைபாதையில் நின்றன. அனுமதி எதெல்மிராவுக்கு மட்டும்.

உள்ளே சன்னலில்லாத ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்க எழுந்தாள். காவலாளி உட்காரச் சொன்னான். இந்நேரம் பரேதெஸ் வெறும் அடுப்பைப் படம் பிடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடி எங்கே போக? பானையும் அங்கே இல்லை.

கடைசியில் குழுவின் அறைக்குள் கூப்பிட்டபோது உறுப்பினர்களின் நாற்காலிகளில் பாதி காலி. இருந்தவர்களில் ஒருவர் போனில் மூழ்கியிருந்தார். மனப்பாடம் செய்து வந்த பேச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"ஐயா, இப்ப எங்க குன்றுல ஆய்வு நடக்குது," என்றாள். "நான் அங்க இருந்தா நான் சொல்றதை நீங்க கேக்க முடியாது. இங்க இருந்தா எங்க பானையை எடுத்துடுவாங்க. இன்னைக்குப் பேச வரவேண்டிய எல்லாருக்கும் இதே நாள்தான் குடுத்திருக்காங்க."

போனில் இருந்தவர் நிமிர்ந்தார். "அப்படி நீக்கலாம்னு எந்த விதியில இருக்கு?"

"விதியே இல்லீங்க ஐயா. அவங்க இஷ்டந்தான். ஒரு விதி போடுங்கன்னுதான் கேட்டு வந்திருக்கோம்."

அந்த மனிதர் எழுந்து சன்னலோரம் போய்ப் பார்த்தார். கீழே தடுப்புக்கு அப்பால் கரிபிடித்த பானைகளும், தூறலில் நனையும் பெண்களும். திரும்பி வந்து அவள் கேட்ட விதியைச் சட்ட வரைவில் எழுதிச் சேர்க்கும்படி குழுவின் செயலரிடம் சொன்னார்.

அவள் வீடு திரும்புமுன்பே நகராட்சிப் பட்டியலிலிருந்து பானை நீக்கப்பட்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் கொடியது. சந்தையில் கழித்துப் போட்ட பூசணியும் உருளைக்கிழங்கும் பொறுக்கினார்கள். கசாப்புக் கடையில் கோழி ரத்தம் கேட்டு வாங்கி வதக்கினார்கள். சூப்பு நாளுக்கு நாள் நீர்த்தது. இரண்டு குடும்பங்கள் சொல்லாமல் வேறு பானைக்குப் போயின. ருஃபீனா நறுக்குவாள், கிண்டுவாள், எதெல்மிராவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். அவளுடைய கடைக்குட்டி ஒருநாள் தட்டை நக்கிவிட்டு இன்னும் கேட்டபோது, எதெல்மிரா கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். செய்தது சரியா என்று யாரிடமும் கேட்கத் துணியவில்லை.

வசந்தத்தில் அந்த விதி நிறைவேறியது. கேட்ட நிதியில் ஒரு பங்குதான் வந்தது, அதுவும் ஓராண்டுக்கு. ஆனால் விசாரிக்காமல் நீக்கிய பானைகளையெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

மூட்டைகளோடு வந்த பரேதெஸ் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்கக்கா வைக்கணும்?" என்றான்.

எதெல்மிரா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ருஃபீனாதான் பதில் சொன்னாள்.

"சுவரோரமா வை. அடுத்த மாசம் நேரத்துக்கு வந்துடு. இல்லேன்னா இவ மறுபடியும் அங்க போயிடுவா, பானையைத் தூக்கித் தூக்கி என் தோளுதான் போகும்."