பாண் வண்டிக்கு ஒரு மெட்டு

எனக்கு ஃபாஹிம் மேல் கோபமில்லை. அவன் சுடுகிற பாண் ரொட்டி மேலும் இல்லை. உப்பு கொஞ்சம் கூடுதல், அது அவன் பாடு. என் கோபமெல்லாம் அந்த மெட்டின் மேல்தான்.

இந்த நாட்டில் பாண் விற்கிற ஆட்டோ எல்லாம் ஒரே மெட்டைத்தான் போட்டுக்கொண்டு வரும். யாரோ வெள்ளைக்காரன் போட்டதாம், பெயர் யாருக்கும் தெரியாது. டியூன் என்ற சொல்தான் சனத்தின் வாயில் சூன் ஆகி, அது சூன் பாண் ஆனது. மார்க்கத்தில் இசை கூடுமா கூடாதா என்பதில் எங்கள் ஊர் தில்லையடியில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் பாண் வண்டிக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் ஃபத்வா கேட்டதில்லை.

எங்கள் வண்டி மட்டும் ஓடியவரை எல்லாம் சரியாக இருந்தது. போன நோன்புப் பெருநாள் கழிந்து ஃபாஹிமும் ஒரு வண்டி எடுத்தான். அதே மெட்டு, அதே சந்து ஒழுங்கைகள், எங்களுக்குக் கொஞ்சம் முந்தி. மெட்டைக் கேட்டதும் சனம் வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பின்னால் என் புருஷன் நளீர் அதே மெட்டோடு போனால், "இப்பதானே வாங்கின, திரும்பியும் வாறீங்களா?" என்று அவருக்கு ஏச்சு. "அது வேற வண்டி" என்று சொல்லலாம்தானே? சொல்ல மாட்டார். நளீர் வாய் செத்த மனிதர். சிரித்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போவார், அங்கேயும் ஏச்சு வாங்குவார், தட்டு நிறைய விற்காத இனிப்புப் பனிசோடு வீட்டுக்கு வருவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கத்தாரிலிருந்து அவருடைய தம்பி நஜாத் கோல் எடுத்தான். அவன் வேலை செய்கிற பெரிய பேக்கரியில் ஆள் எடுக்கிறார்களாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ்போட் கொப்பி அனுப்புங்க நானா, மற்றத நான் பாக்கிறன்."

நளீர் ஏற்கெனவே ஒரு தரம் கத்தார் போய் வந்தவர். மகள் றுஷ்னா நடை பழகியது, பல் விழுந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவர் போனில் பார்த்ததுதான். அந்தக் காலம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒருவர் இருந்தும் இல்லாமல் இருப்பதைப் போல் வேறு கஷ்டம் எனக்குத் தெரியாது. இப்போது றுஷ்னாவும் கம்பஸுக்குப் படிக்கப் போய்விட்டாள். இவரும் போய்விட்டால் பாண் சுடுகிற போறணையும் நானும்தான் மிச்சம். போகவேண்டாம் என்று அழுது கேட்கிற ஆள் நானில்லை. வண்டி ஓடினால் மனிதர் போக மாட்டார். வண்டி ஓடவேண்டும் என்றால் எங்கள் மெட்டு எங்களுடையதாக இருக்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

றுஷ்னா விட்டுப்போன டப்லெட் அலுமாரிக்குள் கிடந்தது. கொரோனாக் காலத்தில் அவளுடைய படிப்புக்கு வாங்கியது. அதில் தேடித்தான் ஒரு அப்பைக் கண்டுபிடித்தேன். மெட்டுக் கட்டுகிற சாமான். முதல் ஏழு நாள் சும்மா பாவிக்கலாம், பிறகு வாங்கவேண்டும்.

"இதுக்கெல்லாம் செலவழிக்கிறதா? சும்மா கெடைக்கிறது எத்தன இரிக்கி," என்றார் நளீர்.

"சும்மா கெடைக்கிறது எல்லாம் பாத்துட்டன். ஒண்டுல பாட்டுக்கு நடுவுல சவர்க்கார விளம்பரம் வருது. மத்ததுல தகரத்துல தட்டுற மாதிரிச் சத்தம்."

"ஒனக்கு மியூசிக் தெரியுமா நிஃப்லா?"

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். மீலாத் போட்டிகளில் நபி புகழான கஸீதா பாடி நான் வாங்கிய கிண்ணங்களில்தான் இந்த வீட்டில் உப்பும் சீனியும் இருக்கிறது.

அப்பைத் திறந்தால் கீழே பியானோக் கட்டைகள், மேலே வரிசையாக உருட்டுகிற குமிழ்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு இங்கிலீசுப் பெயர். பெயர் விளங்காவிட்டால் என்ன, உருட்டிப் பார்த்தால் காது சொல்லும். ஒரு குமிழ் சத்தத்தைக் கூராக்கியது, ஒன்று மழுக்கியது, இன்னொன்று விரலை எடுத்த பிறகும் சத்தத்தை இழுத்துக்கொண்டு போனது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நாமே ஒரு சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தால் அதையும் மெட்டில் சேர்த்துக்கொள்ளும்.

பாண் வண்டிக்குப் பாணின் சத்தத்தை விட வேறு எது பொருத்தம்? போறணையிலிருந்து எடுத்த பாணைப் புரட்டி, அடியில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். உள்ளே வெந்திருந்தால் வெறும் பெட்டியைத் தட்டின மாதிரி டொக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்தேன். டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு, பிறகு ஒரு மூச்சு இடைவெளி, அதன் பிறகு மெட்டு. சனத்தின் காதை முதலில் திருப்பவேண்டும், பிறகுதான் பாடவேண்டும். கஸீதா மேடையில் படித்த பாடம் அது.

சும்மா பாவிக்கிற நாட்களில் மெட்டை வெளியே எடுத்துச் சேமிக்க விடமாட்டார்கள். அதனால் டப்பையே ஆட்டோவில் வைத்து, வயர் போட்டு ஹோன் ஒலிபெருக்கிக்குக் கொடுத்தோம்.

காலையில் நான் எங்கள் பழைய வாடிக்கை ஜெய்னம்பு மாமியின் ஒழுங்கைக்கு முன்னாலேயே நடந்து போய் முனையில் நின்றுகொண்டேன். வாங்குகிற சனத்துக்கு எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். ஃபாஹிம் அப்போதுதான் போயிருந்தான். ஒழுங்கையில் ஒரு கழுதையும் நானும் மட்டும்.

களப்பின் உப்புக் காற்றோடு தூரத்திலிருந்து தட்டு மட்டும் கேட்டது, மெட்டு எட்டவில்லை. டொக், டொக், டொக்.

ஒரு கேட் திறந்தது. பக்கத்துக் கேட் திறந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். ஃபாஹிமுக்கு இப்படி ஒருநாளாவது வந்திருக்குமா?

பிறகுதான் கவனித்தேன். ஒருத்தர் கையிலும் பையுமில்லை, காசுமில்லை. பெண்கள் எல்லோரும் தலையை ஒழுங்காக மூடியிருந்தார்கள். ஒருவர் உள்ளே ஓடிய டீவியை நிறுத்தச் சொன்னார். ஒரு தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். எல்லோரும் பள்ளிவாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

"யாராம்? யாரு மவுத்?" என்றாள் ஒருத்தி மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதின், மரணச் செய்தியான ஜனாஸா அறிவிப்புக்கு முன்னால் மைக்கை விரலால் மூன்று தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டு ஒரு மூச்சு நிற்பார். பிறகுதான் பெயர் வரும். போதாக்குறைக்கு எங்கள் வண்டியில் இருப்பது, பள்ளிக்குப் புது ஒலிபெருக்கி போட்டபோது நளீர் ஏலத்தில் எடுத்த பழைய ஹோன். இந்த ஊர் எத்தனையோ பேருடைய மவுத்தை அந்த ஹோனில்தான் கேட்டிருக்கிறது.

ஜெய்னம்பு மாமி கேட்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய புருஷன் ஹிஸ்புல்லா மாமா நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஓடினேன். அந்த நேரம் பார்த்து மெட்டு குதித்துக்கொண்டு வந்தது. நளீரின் ஆட்டோ முனையில் திரும்பியது.

"மாமி, ஒண்டுமில்ல மாமி! பாண் வண்டி மாமி!"

"பாணா?" மாமி என் கையைத் தட்டிவிட்டார். "எனக்கு இஞ்ச உசிரு போயிட்டு. பாணாம்! ஒனக்கென்ன புள்ள, மண்ட பழுதா?"

இரண்டொருவர் சிரித்தார்கள், மிச்சப் பேர் ஏசினார்கள். ஒருவரும் வாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மாமி எழும்ப முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது பெரிய வேதனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தட்டுகளை இறக்கும்போது நளீர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போதும் நிஃப்லா. நஜாத்துக்கு ஓமெண்டு சொல்லிடுறன். அந்த அப்ப அழிச்சிடு."

நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர் வராது, மா பிசையத்தான் வரும். பின்னேரப் பனிசுக்குப் பிசைந்துகொண்டே யோசித்தேன். பிழை என்னுடையது, அதில் கதையில்லை. ஆனால் மூன்று தட்டில் ஒரு ஒழுங்கையே வெளியே வந்ததும் உண்மைதானே. அந்தச் சத்தத்துக்குச் சனத்தை எழுப்புகிற பலம் இருக்கிறது. பிழை சத்தத்தில் இல்லை, நிறுத்தினதில். மவுத்துச் செய்தி நின்றுதான் வரும், ஓடி வராது. அப்படியென்றால் தட்டை ஓடவிடவேண்டும்.

கையைக் கழுவிவிட்டு டப்பை எடுத்தேன். முன்னால் நின்ற மூன்று தட்டையும் வெட்டினேன். அதே பாண் தட்டுகளை மெட்டுக்கு அடியில் றபான் மேளம் அடிப்பதுபோல் வேகமாக ஓடவிட்டேன். கூராக்குகிற குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன், மைக் தட்டின சாயல் போய்விட்டது. கேட்கும்போது எனக்கே கால் சும்மா நிற்கவில்லை.

"நான் போகமாட்டன்," என்றார் நளீர்.

"ஒரே ஒரு ஒழுங்கைக்குப் போங்க. காலையில பழுதாகின அதே ஒழுங்கைக்கு. ஒருத்தரும் வரல்லண்டா, பாஸ்போட்ட நானே எடுத்துத் தாறன். ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். ஆட்டோவை எடுத்தார்.

இந்த முறையும் நான் முன்னால் நடந்தேன். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டதுதான், ஆனால் மெட்டின் மேல் சந்தேகமே இல்லை. சத்தம் கேட்டதும் முதலில் வந்தது பொடியன்கள்.

"மவுத் பாண்! மவுத் பாண் வருது!"

பின்னால் பெரியவர்களும் வந்தார்கள், சிரித்துக்கொண்டு. ஃபாஹிமிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். காலையில் யார் மவுத் என்று கேட்டவளும் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"காலையில எங்கட உசிர எடுத்தீங்க நானா. இப்ப என்னத்த எடுக்க வந்தீங்க?"

நளீர் வழமைபோல் சிரித்துவிட்டு இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து முதலை வடிவக் கிம்புலா பனிசு ஒன்றை எடுத்து நீட்டினார். "காலையில எடுத்த உசிரத் திருப்பிக் குடுக்க வந்தன் தங்கச்சி. இதச் சாப்பிடுங்க, திரும்பி வரும்."

ஒழுங்கை கொல்லென்று சிரித்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்த மனிதருக்குள் இவ்வளவு கதை எங்கே இருந்தது? "மத்த வண்டி போய்ட்டே" என்று ஒருவர் சொன்னதற்கு, "அது ஃபாஹிம்ட, இது எங்கட, காதத் தொறந்து கேளுங்க" என்று அவரே விளக்கமும் கொடுத்தார். தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

ஜெய்னம்பு மாமியின் கேட் மட்டும் திறக்கவில்லை. மறுநாள் மீன் கறி வைத்த ஒரு மாலு பாணைச் சுற்றி எடுத்துக்கொண்டு நானே போனேன். பிழை என்று சொன்னேன், மன்னிக்கச் சொன்னேன். மாமி பாணை வாங்கிக்கொண்டார், முகம் மட்டும் இளகவில்லை.

"அவருக்கிட்டச் சொன்னன். நெஞ்சப் பிடிச்சிட்டுச் சிரிக்கிறாரு மனுசன். நேர்ஸ் எனக்கு ஏசுறா." பிறகு விரலை நீட்டினார். "அந்தத் தட்டு இனி எங்கட வாசலுக்கு வரப்படா."

"வராது மாமி. அத வெட்டிட்டன்."

வெள்ளிக்கிழமை வந்தது. இலவசமாகக் கொடுத்த நாட்களும் அன்றோடு முடிந்தன. ஜும்ஆ தொழுதுவிட்டு நளீர் வந்தபோது டப் திரையில் மெட்டு பூட்டிக் கிடந்தது. வாங்கினால்தான் திறக்கும். ஒரு மாதத்துக்கு வாங்கலாம், ஒரு வருஷத்துக்கு வாங்கலாம், அல்லது ஒரேயடியாகக் கட்டி ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளலாம். எங்களுடைய கார்ட் மெஷினில் காசு எடுக்க மட்டும்தான் உதவும், இதற்கெல்லாம் ஆகாது. வெளிநாட்டுக் கார்ட் இருப்பது நஜாத்திடம்தான்.

"ஒரு மாசத்துக்கு எடுத்துப் பாப்பமா?" என்றேன். இவ்வளவு நாளும் எல்லாவற்றிலும் துணிந்து நின்றவள், அதில் மட்டும் சத்தம் இறங்கித்தான் கேட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று நளீர் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

அவர் போனை எடுத்து, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நஜாத்துக்கு எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நானா, பாஸ்போட் கொப்பி இன்னும் வரல்லயே. இண்டைக்குத்தான் கடைசி."

"தம்பி, ஒரு அப் வாங்கணும். ஒன்ட கார்ட் வேணும்."

"என்ன அப் நானா?"

"மெட்டுப் போடுற அப். ஒன்ட மச்சி நிஃப்லா ஒண்டு செஞ்சிரிக்கா. ஊரே கேக்குது."

நஜாத் புத்திசாலி, விளங்கியிருக்கும். இருந்தும் தம்பி அல்லவா, அவன் வாயால் கேட்கவில்லை. "சரி நானா, லிங்க்க அனுப்புங்க," என்றான். அனுப்பினேன். "இதுல மூண்டு மாதிரிப் போட்டிருக்கு. எத எடுக்க?"

நளீர் என்னைப் பார்த்தார். நான் மாதத்தை நினைத்து ஒரு விரலைக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பிடித்து மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, "ஆயுளுக்கும் எடுடா," என்றார்.