அணைத்து வைத்த லேயர்

நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவள் லைட்டக்கா. மேடையில் எந்த விளக்கு எங்கே, எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அவள் வரைபடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்து, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வரைகிற சாஃப்ட்வேரை எப்படிச் சுலபமாகக் கையாள்வது என்று நாலு பேருக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மேடையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு படம் வரைந்தால் போதாது, பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போலவும் ஒன்று வரையுங்கள் என்று எழுதினாள். சுவர், திரை, விளக்கு எல்லாவற்றையும் தனித்தனி லேயரில் வையுங்கள், கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி, வேண்டியதை மட்டும் காட்டலாம் என்று எழுதினாள். பிரின்ட் எடுக்கும்போது தேவையில்லாத லேயர்களை அணைத்துவிடுங்கள், படம் துல்லியமாக இருக்கும் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு, அதற்கு ஓர் உதாரணப் படம் போடலாமே என்று இப்போது ஒத்திகையில் இருக்கும் நாடகத்தின் வரைபடத்தைத் திறந்தாள்.

அணைத்து வைத்திருந்த லேயர்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியாக வந்தது ஊஞ்சல் லேயர். பக்கவாட்டுப் படத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளைகோடு விழுந்தது. ஊஞ்சலில் நிற்பவரின் தலை போய்வரும் வழி அது. அந்தக் கோடு முன்பக்க விளக்குகள் தொங்கும் இரும்புக் கம்பிக்குள் புகுந்து வெளியே வந்தது.

திரையில் தூசியோ என்று விரலால் துடைத்துப் பார்த்தாள். கோடு போகவில்லை.

போன வாரம்தான் இயக்குநர், "முகத்துல வெளிச்சமே பத்தலை" என்று முகத்தைச் சுளித்தார். அவளும் அந்தக் கம்பியை மேடைக்குள் தள்ளி, கொஞ்சம் இறக்கி வரைந்து அனுப்பினாள். அப்படியே மாட்டியும் ஆயிற்று. அப்போது ஊஞ்சல் லேயர் அணைந்திருந்தது. அணைந்திருப்பது கண்ணுக்குப் படாது, கண்ணுக்குப் படாதது மனசுக்கும் வராது. அவ்வளவுதான் நடந்தது.

ஊஞ்சலில் நிற்பவள் அவளுடைய தங்கை. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று ஆடவேண்டும். அதாவது, ஊஞ்சல் பார்வையாளர் பக்கமாக முன்னால் வரும்போது அவளுடைய பின்னந்தலைதான் முதலில் வரும். இதுவரை மெதுவாகத்தான் தள்ளிப் பழகினார்கள். முழு உயரத்துக்கு ஆடிப் பார்ப்பது இன்றைக்கு.

தங்கையைக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மேடை மேலாளரைக் கூப்பிட்டாள். அவரும் எடுக்கவில்லை. நொடி பிசகாத மனிதர் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். ஒத்திகை தொடங்கினால் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார், தன்னுடையதையும் சேர்த்து.

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். கிடைத்த டாக்ஸி பாலத்துக்கு முன்னால் நெரிசலில் சிக்கிக்கொண்டது.

"வேற வழியே இல்லையாண்ணா?"

"பறக்கத்தான்மா வேணும்" என்றார் டிரைவர்.

இறங்கி ஓடினாள். தலையை விளக்கின் இரும்பு விளிம்பு தொடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று மனசு கேட்டுக்கொண்டே வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அதட்டினாலும் அது திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டது.

அரங்கத்தின் பின்கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தபோது கும்மிருட்டு. பாட்டு காதைப் பிளந்தது. மேடையில் நீல வெளிச்சத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. தங்கை நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்துவிட, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூடியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். பாட்டு அதை விழுங்கிவிட்டது.

விளக்கு மேஜை பின்வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லா விளக்கையும் ஒரே அடியாக எரியவிடும் பொத்தான்மேல் கையை வைத்துவிட்டாள். வைத்த கை அப்படியே நின்றது. திடீரென்று கண்ணைக் கூசினால் தங்கையின் பிடி நழுவும். அந்த உயரத்திலிருந்து விழுந்தால்?

ஆபரேட்டரின் தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினாள். அதன் மறுமுனை மேடையோரம் நிற்கும் கடிகாரத்தின் காதில்.

"நான்தான், லைட்டக்கா. ஊஞ்சலைத் தள்ள வேணாம்னு சொல்லுங்க. கயித்தைப் பிடிச்சு வெடுக்குனு நிறுத்தவும் வேணாம். அதுவா அடங்கட்டும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "தள்ளாதீங்க, விட்டுடுங்க" என்று அவர் சொல்வது அவள் காதிலும் கேட்டது. ஆனால் அதற்குள் கடைசித் தள்ளல் தள்ளியாகிவிட்டது.

ஊஞ்சல் பின்னால் போய், ஒரு கணம் நின்று, முன்னால் வந்தது. இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. வரைந்த கோட்டில்தான் அது வந்தது. தங்கையின் தலை விளக்குகளை நோக்கி ஏறியது, ஏறியது. உச்சியில் பின்னல் மட்டும் எகிறி, தொங்கிய விளக்கின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த முறை அவ்வளவு தூரம் வரவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் கீழே.

பாட்டு நின்றது. இயக்குநர் எழுந்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது? இப்பதானே சூடு பிடிச்சுது!"

"நான்தான் சார். என் படத்துல தப்பு. அந்தக் கம்பி ஊஞ்சலோட வழியில இருக்கு."

"ஆடிட்டுத்தானே இருந்தா? ஒண்ணும் ஆகலையே!"

கடிகாரம் ஒரு மணல் மூட்டையைத் தங்கையின் தலை உயரத்துக்கு ஊஞ்சல் கயிறுகளுக்கு நடுவில் கட்டச் செய்தார். ஊஞ்சலை முழு உயரத்துக்கு இழுத்துவிட்டார்கள். முன்னால் வந்தது. டங்கென்று அரங்கம் முழுக்க ஒரு சத்தம். விளக்கு தலைகுப்புறத் திரும்பிக்கொண்டது. மூட்டை கிழிந்து மணல் மேடையில் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.

இயக்குநர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

தங்கை அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அருகே போய்த் தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள்.

"எவ்ளோ நாளா அது அங்க இருக்கு?"

"போன வாரம் மாத்தினேன்."

"நேத்து அதுக்குக் கீழதான் சாப்பிட்டோம். நீ பக்கத்துல உக்காந்து ஜோக் அடிச்சுட்டிருந்தே."

அக்கா திரும்பிக் கம்பி கட்டுகிறவர்களைக் கூப்பிட்டாள்.

கம்பியை ஏற்றினார்கள். முன்பு இருந்த இடத்துக்கே கொண்டுபோனார்கள். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் எல்லா லேயரையும் போட்டுப் படத்தைத் திருத்தினாள். கோட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் ஆள் கை நீட்டுகிற அளவு இடைவெளி. புது மூட்டை கட்டி ஆட்டினார்கள். எதிலும் படவில்லை.

"இப்ப ஏறலாமாம்மா?" என்றார் கடிகாரம், தங்கையிடம்.

"இவ ஏறட்டும் முதல்ல" என்றாள் தங்கை.

அக்காவுக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே தலை சுற்றும். அது தங்கைக்கும் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் ஏறி, பார்வையாளர் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். பழக்கமில்லாதவள் என்று இடுப்பில் ஒரு பாதுகாப்பு வாரைக் கட்டினார்கள். தள்ளினார்கள்.

பின்னால் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வரும்போதுதான் புரிந்தது. தலைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவே முடியாது. அளவெல்லாம் அவளே போட்டது, இடைவெளி இருக்கிறது என்று அவளுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் பின்கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. விளக்குகளின் சூடு பிடரியில் பட்டபோது அலறிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. முழு உயரத்துக்கு ஆடி, அடங்கி, இறக்கிவிட்ட பிறகும் கயிற்றைவிட்டு விரல்கள் பிரியவில்லை. தங்கைதான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்று சொல்லி, கயிற்றிலிருந்த வியர்வையைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டுத் தங்கை ஊஞ்சலில் ஏறினாள்.

அக்கா விளக்கு மேஜைக்குப் போகவில்லை. பாட்டு முடிகிறவரை மேடையோரத்தில், அந்தக் கம்பியைப் பார்த்தபடியே நின்றாள்.