நல்ல தோல்

சாயங்காலம் ஐந்து மணிக்கே பூவம்மா குழாயடியில் வாளியைப் போட்டு இடம் பிடித்துவிட்டாள். பஃபலோ ரோட்டில் அந்தக் கடைவீட்டின் மாடியில் ஏழு குடும்பங்கள். பின்கட்டில் இருப்பதோ ஒரே குழாய். புருஷன் செல்லக்கண்ணு வேலை முடிந்து வந்து சேரும்போது தண்ணீர் தயாராக இருந்தாக வேண்டும். சிமெண்டுத் தூள் வேர்வையில் ஊறி இறுகிவிட்டால் அப்புறம் தேய்த்தால் தோலும் சேர்ந்துதான் வரும். பக்கத்து அறைக்காரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டாவது முதல் வாளியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

காலாங் ஆற்றோரம் ஒரு கம்பெனியின் சிமெண்டுக் கிடங்கில் அவனுக்கு வேலை. தொங்கான் படகில் வந்து இறங்கும் மூட்டையைத் தோளில் வாங்கி, பலகை வழியாக நடந்து, கூரை எட்டும்வரை அடுக்க வேண்டும். மூட்டைகளில் பாதி கிழிந்தே வரும். மூன்று வருஷம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த அறுபத்தொன்றாம் வருஷம் பிறந்ததிலிருந்துதான் கை தகராறு செய்யத் தொடங்கியது. விரலிடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பு, கணுக்கணுவாக வெடிப்பு, முழங்கைவரை பொரிப்பொரியாகத் தடிப்பு.

"மெதுவா புள்ள, எரியுது," என்றான் அவன், வாளித் தண்ணீரில் கையை விட்டபடி.

"எரியட்டும். ஒரு மாசமா சொல்றேன், மரக்கிடங்குக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கன்னு. கேட்டீங்களா?"

"இன்னிக்குக் கேட்டுட்டேன்லா. டாக்டர் எழுதிக் குடுத்தா மாத்துறேன்னு மண்டோர் சொல்லிட்டாரு."

பூவம்மா கையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவனாக வாயைத் திறந்து மேஸ்திரியிடம் ஒன்று கேட்டான் என்பதே அவளுக்கு ஆச்சரியம். மரக்கிடங்கு அதே கம்பெனிதான், அதே சம்பளம்தான். பலகையைத் தூக்கி அடுக்கினால் போதும், கை பிழைத்துக்கொள்ளும். அன்று ராத்திரிச் சோற்றை அவள் சந்தோஷமாகவே ஊட்டினாள். குழம்பில் கைவைத்தால் மிளகாய் சுள்ளென்று ஏறுகிறது என்று நாலு வாரமாக அவள்தான் ஊட்டிவிடுகிறாள். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு வாய் ஊட்டச் சொன்னதுக்கு என்னா வெட்கம் உங்களுக்கு. இப்ப பாருங்க, மூணு வேளையும்!" என்று சீண்டினாள்.

"வட்டியும் முதலுமா வாங்கிக்கிறேன்," என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு.

கம்பெனியின் மருந்தறையில் இருந்தவர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர் என்பதால் எல்லாரும் அவரை டிரசர் ஐயா என்பார்கள். செல்லக்கண்ணுவின் கையைப் பார்த்ததும் அவர் உச்சுக்கொட்டினார். டாக்டர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் வருவார், அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதுவரை சிமெண்டைத் தொடக் கூடாது என்று சொல்லித் தாமே லீவு எழுதிக் கொடுத்தார்.

"டாக்டர் ஒருக்கா இதைக் கண்டாரெண்டால் போதும், கட்டாயம் எழுதித் தருவார்," என்றார்.

பன்னிரண்டு நாள்! பூவம்மாவுக்குக் கை பரபரத்தது. புருஷன் பகலெல்லாம் வீட்டில், கையில் வேலையில்லை. வைத்தியம் பார்க்க இதைவிட நல்ல நேரம் வருமா? சிராங்கூன் ரோட்டில் அப்துல் முத்தலிப் பாய் கடைக்குப் போய் வேப்பெண்ணெயும் ஒரு துண்டு தேன்மெழுகும் வாங்கி வந்தாள். மெழுகை எண்ணெயில் போட்டுச் சின்னத் தீயில் உருக்கி, மஞ்சள் சேர்த்து, ஆறவைத்தாள். வெண்ணெய் பதத்துக்கு வந்தது. நாற்றம் என்னவோ மாடிப்படிவரை போனது.

காலையில் அரிசி கழுவிய தண்ணீரில் கையை ஊறவைப்பாள். ஈரம் ஒற்றியெடுத்ததும் தேங்காயெண்ணெய். காத்தோங்கில் அவள் முன்பு ஆயா வேலை பார்த்த பங்களாவில், வீட்டுக்கார மேம் தீர்ந்துபோனதென்று ஒதுக்கிய லோஷன் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அடியில் ஒட்டியிருந்ததில் சொட்டு வெந்நீர் விட்டுக் குலுக்கினால் பாலாக வந்தது. அது மத்தியானத்துக்கு. மாலையில் மெழுகெண்ணெயை ஒவ்வொரு வெடிப்பிலும் விரல் நுனியால் வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டுவாள். ஒரு வேளை தவறியதில்லை.

"ரோஜா வாசம் வருது புள்ள. கிடங்குல சிரிப்பானுங்க."

"கிடங்குலயா இருக்கீங்க? எங்கிட்டதானே இருக்கீங்க. பேசாம கையை நீட்டுங்க."

ஐந்தாம் நாள் சிவப்பு தணிந்தது. எட்டாம் நாள் பொரிப்புகள் உதிர்ந்தன. பத்தாம் நாள் அவன் தன் கையால் குழம்புச் சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையை அவள் வாயில் வைத்தான். அவள் அழுதேவிட்டாள். காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

டாக்டரைப் பார்க்கப் போகிறவரை அழுக்கும் சொறியுமாக அனுப்புவாளா? மனுஷன் மனுஷனாகப் போக வேண்டும், வீட்டில் கேட்பாரற்றவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தாள். திங்களன்று காலையில் வெளுத்த சட்டை போட்டுவிட்டு, கடைசியாகக் கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, பளபளக்கத் துடைத்து, கூடவே தானும் கிளம்பினாள்.

வெள்ளைக்கார டாக்டர் செல்லக்கண்ணுவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கை விரித்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தில்லையம்பலம் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாரு ஐயா?" என்று பூவம்மா கேட்டாள்.

"நல்ல தோலாம். இவ்வளவு நல்லாய் ஆர் பராமரிக்கிறதெண்டு கேக்கிறார்."

பூவம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான்தாங்க," என்றாள்.

டாக்டர் தலையாட்டினார், பேனாவை எடுத்தார், ஒரே வரி எழுதினார். தில்லையம்பலம் குனிந்து அவரிடம் மெல்லிய குரலில் பேசினார். தன் கையை விரித்துக் காட்டினார், விரலிடுக்கைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் கோபப்படவில்லை, பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோளைக் குலுக்கி, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் தில்லையம்பலம் காகிதத்தை நீட்டினார். "சிமெண்டு வேலைக்குத் தகுதி எண்டு எழுதிப்போட்டார்."

"எப்படிங்க? நீங்கதான் கண்ணால பார்த்தீங்களே!"

"நான் கண்டது கணக்கில வராது தங்கச்சி. தான் காணாத நோய் வருத்தத்துக்குத் தன்னால கையெழுத்து வைக்க ஏலாதாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழை என்னிலதான். ஒண்டும் பூச வேண்டாமெண்டு அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். எனக்கு அது நினைவில வரேல்லை."

செல்லக்கண்ணு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். பூவம்மாவால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தாளே, அத்தனையும் அவனைத் திரும்ப அந்த மூட்டைக்கடியில் கொண்டுபோய் நிறுத்தத்தானா?

"நான் கெடுத்துட்டேன்ங்க," என்றாள்.

"சும்மா இரு. பன்னெண்டு நாள் ராஜா மாதிரி இருந்தேன்," என்றான் அவன்.

அவர்கள் படியிறங்கும்போது தில்லையம்பலம் பின்னாலேயே வந்தார். "வாற மாசம் முதல் திங்கள். அண்டைக்குக் கை எப்படி இருக்குதோ அப்படியே கொண்டு வாங்கோ. எண்ணெய் கிண்ணெய் ஒண்டும் வேண்டாம். விளங்கிச்சோ?"

மறுநாளே அவன் மூட்டை தூக்கப் போனான். ஒரு வாரம் கை தாங்கியது. இரண்டாம் வாரம் அரிப்பு. மூன்றாம் வாரம் பழைய இடங்களிலேயே வெடித்தது, இந்த முறை இன்னும் ஆழமாக. தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். பூவம்மா மெழுகெண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். கண்ணில் பட்டால் தன்னை அடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கை மிகவும் மோசமாக இருந்தது. சுண்டுவிரல் ஓரத்திலிருந்து ரத்தம் கசிந்து மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. டாக்டர் வர இன்னும் ஒன்பது நாள்.

"ஒரு சொட்டு வைக்கிறேன்ங்க. ஒரே ஒரு சொட்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

"வேணாம் புள்ள. ஒரு சொட்டுக்கே உன் கை மருந்து கேக்குமே. இருக்கட்டும், நல்லா வெடிக்கட்டும்."

அவள் அவன் இரண்டு கைகளையும் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து சுண்டுவிரல் வெடிப்பில் மெல்ல ஊதினாள்.

"ஊதுறது மருந்துல சேராதா?" என்றான் அவன்.

"ஐயா அதைச் சொல்லல."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். ஒரு விரல் முடிந்ததும் அவள் அடுத்த விரலுக்குப் போனாள். ஒவ்வொரு வெடிப்பாக, ஆறிவிடாத அளவுக்கு, ஊதிக்கொண்டே இருந்தாள்.