பதினோரு வீட்டுக் குழம்பு

விருதுநகரில் மகள் வீடு மெயின் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் ஏதாவது வேன் ஹாரன் அடித்தால் இப்போதும் கை தானாகப் பையைத் தேடுகிறது. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அப்போது வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி காலண்டர் கம்பெனிக்கு ஒரே வேனில் பன்னிரண்டு பொம்பளைகள் போவோம். மற்ற பதினோரு பேருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெறி. முறுக்கு சுட்டால் எல்லாருக்கும் எடுத்துப் போவேன். தலைவலி மாத்திரை, ஊக்கு, எது கேட்டாலும் என் பையில் இருக்கும். ஆனால் யாரிடமும் ஒரு ஊக்குகூட வாங்கியதில்லை. அதில் பெருமை வேறு.

எல்லாருக்கும் செல்லம் என்னவோ பாண்டிலட்சுமிதான். வெறுங்கையோடு வருவாள். ஒருத்தியிடம் பூ வாங்குவாள், ஒருத்தியிடம் சீப்பு. மத்தியானம் வட்டமாக உட்கார்ந்தால் யார் டப்பா என்று பார்க்காமல் கையை விடுவாள். "ஏ நாகஜோதி, கருவாட்டுக் கொளம்பா? இங்கன தள்ளு" என்பாள். நாகஜோதிக்கு வாயெல்லாம் பல். பாண்டிலட்சுமி பிந்தினால் டிரைவர் சிவபாண்டி பத்து நிமிஷம் நிற்பார். நான் ஓடி வரும்போதே ஒருநாள் வேன் கிளம்பிப் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். எனக்கு என்ன குறைச்சல் என்று வயிறு எரிந்தது.

ஐப்பசியில், சீசன் மும்முரத்தில், ஒருநாள் டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மத்தியானம், "இன்னைக்கு எனக்கு விரதம்" என்று சொல்லிவிட்டுக் காலண்டர் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

பாண்டிலட்சுமி பின்னாலேயே வந்தாள். "விரதமா? பதினோரு மணிக்கு டீயோட வடை தின்னீகளேக்கா."

நான் ஒரு காலண்டர் கட்டின் கயிற்றை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாலு வருசமா நீங்க குடுக்கிறதை எல்லாம் திங்கிறோம். எங்க வீட்டுச் சோறு மட்டும் உங்களுக்கு எறங்காதாக்கா?"

எட்டிப் பார்த்தேன். எல்லாரும் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி முகத்தில் கோபம் இல்லை. நொந்துபோயிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருமை என்று நினைத்து இவர்களை நாலு வருஷமாக அவமானப்படுத்தியிருக்கிறேன்.

போய் நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் டப்பாவை நீட்டவில்லை. நான்தான் கேட்க வேண்டும். நாக்கு கூசியது.

"பசிக்குது புள்ள. எனக்கும் கொஞ்சம் குடு."

அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பும் புளிக்குழம்பும் ரசமும் பதினோரு பக்கமிருந்து வந்தன. "எப்பிடிக்கா இருக்கு? எப்பிடிக்கா இருக்கு?" என்று ஒரே சத்தம். உப்புக் கரித்த ரசத்தைக்கூட இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் எனக்குப் பிந்திவிட்டது. மூச்சு வாங்க ஓடினேன். வேன் நின்றுகொண்டிருந்தது. நாகஜோதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, எடுத்துறாதீக, யக்கா வந்துட்டாக!" என்று கத்தினாள்.

ஏறி உட்கார்ந்ததும் என் பையைப் பார்த்தாள். "டிபன் பாக்ஸ் எங்கக்கா?"

அது அடுப்படி மேடையில் இருந்தது. வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"மறந்துட்டேன் புள்ள" என்றேன்.