சோத்தாங்கை வில்

எனக்கு யாராவது யோசனை சொன்னால் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் இந்த வில்லை ஒருவரையும் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் கெட்டிருக்காது.

என் பெயர் தேவநாதன். கடலூர் முதுநகரில் வீடு, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. மனைவி புஷ்பவள்ளி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் இசைவாணி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவாள். தினமும் போன் உண்டு. "சாப்ட்டியாப்பா?" "சாப்ட்டேன். நீ?" "சாப்ட்டேன்." அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேரையும் பேச வைத்தவள் புஷ்பவள்ளி. அவள் இல்லாமல் எங்களுக்குப் பேச வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் இசைவாணி அதிசயமாக ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினாள். "வில்வித்தை கிளப்புல சேந்திருக்கேம்பா. ஆனா எனக்குத் தோதா ஒரு வில்லுகூட இல்ல இங்க."

"நான் செஞ்சு தரேன்."

"நீயா? வில்லா?" என்று சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அதற்காக ராக்கெட் கேட்டிருந்தால்கூடச் செய்திருப்பேன்.

"எந்தக் கைல புடிப்ப, சொல்லு."

"சோத்தாங்கைலதாம்பா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் இவள் பிறவியிலேயே இடக்கைக்காரி. நாலு வயதில் பீச்சாங்கையால்தான் சோறு அள்ளுவாள். பந்தியில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள் என்று, ஸ்கேலால் அந்த விரல்களை அடித்து, சாப்பிடும்போது அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிப் பழக்கினேன். "கொழந்தைங்க அது, உட்டுடுங்க" என்று புஷ்பவள்ளி அழுதாள். நான் விடவில்லை. இன்று வில்லைக்கூடச் சோத்தாங்கையில் பிடிக்கிறாளே, என் வளர்ப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோ பார்த்துப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். மெல்லிய மூங்கில் பட்டை இரண்டு, நடுவில் ஒரு தேக்குப் பட்டை. பிளைவுட்டில் வளைவாக ஒரு அச்சு. பட்டைகளுக்குப் பசை பூசி, அச்சின்மேல் அடுக்கி, இறுகுவதற்குள் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். ஒருவர் அழுத்திப் பிடிக்க, ஒருவர் சுற்ற, நாலு கை வேண்டிய வேலை. நான் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை முழங்காலால் அழுத்தி, டியூபைப் பல்லால் கடித்து இழுத்தேன். "அந்தக் கிளாம்ப கொஞ்சம் எடும்மா" என்று புஷ்பவள்ளி பக்கத்தில் இருப்பதுபோல வாய் தானாகச் சொல்லிவிட்டது. எடுத்துத் தர யார் இருக்கிறார்கள்? சே, என்ன பிழைப்பு இது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பசை காய்கிறதே என்றுதான் எழுந்தேன்.

மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் கிடந்தது. பிறகு கைப்பிடிக்குத் தேக்குக் கட்டையை ஒட்டி, அம்பு உட்கார ஒரு படி வெட்டினேன். வீடியோவில் 'வலதுகை வில்' என்று காட்டியபடியே, கைப்பிடியின் இடப்பக்கத்தில். நாணைப் பூட்டி இழுத்து இழுத்துப் பார்த்து, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுபோல் வளையும்வரை கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அப்புறம் உப்புத்தாள், மூன்று தடவை வார்னிஷ். ஒரு மாதம், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னா பெருசு, மீன் புடிக்கவா?" என்றான் கண்டக்டர். "ஆமா, ஒன்னப் புடிக்கத்தான்" என்றேன். அவ்வளவு குஷி எனக்கு.

காலேஜ் மைதானத்தில் கிளப் பிள்ளைகள் அம்பு விட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். இசைவாணி போர்வையைப் பிரித்தாள். வில்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அப்பா, கடைல வாங்குன மாதிரியே இருக்குப்பா" என்றாள். பிறகு அதை வலக்கையில் பிடித்து, இடக்கையால் அம்பை எடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். படி அவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அவள் சோத்தாங்கையில் பிடிப்பது வில்லை. நாணை இழுப்பது பீச்சாங்கை. மற்றவர்கள் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் இழுக்கிறார்கள். வீடியோக்காரனும் அப்படித்தான் இழுத்தான். நான் கேட்டதற்கு அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். நான்தான் என் ஆசையைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப அந்தக் கை இன்னும் மாறலியாம்மா?"

"வில்லுக்கு மட்டுந்தாம்பா. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"பரவால்லப்பா, நான் மாத்திக்கிறேன்" என்று வில்லை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் நாணை இழுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாலு வயதில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் நான் பார்த்த அதே முகம். அம்பு பத்தடி தள்ளிப் புல்லில் விழுந்தது.

"குடு, வேற செஞ்சு எடுத்தாறேன்."

"வேணாம்ப்பா, பழகிக்கிறேன்."

"பழகாத!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வில்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டு ரசம் ஊற்றினேன். துண்டை எடுத்து என் வலக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இடக்கையால் அள்ளினேன். முதல் வாய் சட்டையில் விழுந்தது. இரண்டாவது மடியில். ரசம் முழங்கைவரை வழிந்தது. பசித்தது, வாய்க்குத்தான் போகவில்லை.

போன் அடித்தது. சோறு ஒட்டிய விரல்களாலேயே எடுத்தேன்.

"சாப்ட்டியாப்பா?"

"இல்லம்மா" என்றேன். "சாப்பிடத் தெரியல."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் போனை வைக்கவில்லை.