மடிப்புக்கு இரண்டரை அங்குலம்

தையல்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிரேக்கைத் தொட்டால் போதும், எதிரே நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் மூக்கு தரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து கும்பிடு போடும். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு குழாய்கள், அதாவது ஃபோர்க், பதினான்கு வருஷம் உழைத்துத் தொய்ந்து போயிருந்தன. தையல்காரருக்கு அது பழகிவிட்டது. அவர் மனைவிக்குப் பழகவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடியது. இவர் பிரேக்கை அழுத்தினார், வண்டி வழக்கம்போல் கும்பிட்டது, பின்னால் இருந்தவள் வழுக்கி வந்து அவருடைய ஹெல்மெட்டில் மோவாயை இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீங்கிய நாக்கோடு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"இனிமே நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்."

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி வேனில் போகத் தொடங்கினாள். போகட்டும், பெட்ரோல் மிச்சம் என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். தையல்காரரால் முடியவில்லை. அவர் கடையைச் சாத்திவிட்டு வீடு வரும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வண்டியில் போகிற அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் அவர்கள் பேசிக்கொள்கிற நேரம். உண்மையைச் சொன்னால், அவள் பேசுவாள், இவர் தலையை ஆட்டுவார். அந்தப் பேச்சு நின்றுபோனதில் மனுஷனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவருடைய சட்டைக்கு இன்னொருவருடைய காலரை வைத்துத் தைத்தார். மனைவி இல்லாமல் ஓட்டும்போது முதுகு குளிர்ந்தது.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். குற்றவாளி ஃபோர்க். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் இருந்தால்தானே!

மனைவியின் தம்பி ஒரு பட்டறை வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் எங்கெங்கோ அலைந்து, அதே கம்பெனியின் பெரிய வண்டி ஒன்றிலிருந்து தடியான ஃபோர்க் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து சேர்த்தான்.

"பின்னால அடிபட்ட வண்டி மச்சான், முன்னால ஒரு கீறல் கிடையாது. ஃபோர்க்கை மாட்டுற கழுத்து ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான். சக்கரம், டிஸ்க் பிரேக், எல்லாம் சேர்த்து அப்படியே மாட்டிரலாம். ஒரே ஒரு சிக்கல், இதோட கால் நீளம்."

"நீளம்னா?"

"பெரிய வண்டியில்ல! மேல பிடிச்சிருக்கிற கவ்விக்குள்ள குழாயை மேல தள்ளி விட்டு இறுக்குனா பழைய உயரம் வந்துரும். எதுவரைக்கும் தள்ளணும்னு அளந்து ஒரு கோடு போடணும்."

"அளக்கணுமா? நீ நகரு மாப்ள."

தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். லீவு நாளிலும் அது அவர் கழுத்தில்தான் கிடக்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று மனைவி சொல்வாள், அதுவும் அவளுடைய நம்பிக்கைதான். பழைய காலைச் சக்கர அச்சிலிருந்து மேலே கவ்வி வரைக்கும் மூன்று தடவை அளந்தார். இருபத்தெட்டேகால். புதிய காலில் அதே இருபத்தெட்டேகாலுக்கு சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு கை தானாக இரண்டரை அங்குலம் மேலே போய், அங்கே அழகாக ஒரு கோடு இழுத்தது. இரண்டாவது காலுக்கும் அப்படியே. மைத்துனன் கோட்டைப் பார்த்தான், கோட்டில் வைத்து இறுக்கினான். அளவு விஷயத்தில் மச்சானைச் சந்தேகப்படுகிறவன் ஊரில் இல்லை.

சக்கரம், பிரேக் எல்லாம் ஏறி வண்டி தரையில் இறங்கியபோது மைத்துனன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"மச்சான், வண்டி வானத்தைப் பார்க்குதே."

"புதுசுதானே. ஒரு சலவை போட்டா சரியாயிரும்."

மைத்துனனுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

தெருக்கோடியில் போய் பிரேக் பிடித்துப் பார்த்தார். வண்டி நின்றது, கும்பிடவில்லை. மறுபடி பிடித்தார். அப்போதும் கும்பிடவில்லை. தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக வீட்டுக்கு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு ரவுண்டு வா. பிரேக் பிடிச்சுக் காட்டறேன்."

"பிரேக் பிடிச்சுக் காட்டறதுக்கு யாராவது பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவாங்களா?"

என்ன நினைத்தாளோ, மடித்த துணியை வைத்துவிட்டு வந்தாள். ஏறி உட்கார்ந்ததும், "பின்னால வழுக்குது" என்றாள்.

"முன்னால வழுக்கலைல்ல? அதைச் சொல்லு."

இரண்டு தெரு தாண்டி, பாதி கட்டிய வீடு ஒன்றின் முன்னால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினார். வண்டி விறைப்பாக நின்றது.

"பார்த்தியா?"

"எதைப் பார்க்கணும்?"

"ஒண்ணும் ஆகலைல்ல? அதைத்தான் பாரு!"

பெருமை தாங்கவில்லை. இறங்கிக் குழாயைத் தொட்டுக் காட்டினால்தான் மனசு ஆறும் போலிருந்தது. சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவர் மட்டும் குதித்து இறங்கினார். ஃபோர்க்தான் வளர்ந்திருந்தது, ஸ்டாண்டு பழைய உயரத்திலேயே இருந்தது. வண்டி சாய்ந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் சாய்ந்தது. மேலே இருந்தவள் "ஏங்க" என்றாள். அடுத்த "ஏங்க" கீழே மணல் குவியலிலிருந்து கேட்டது.

தையல்காரர் விழுந்த வண்டியைத் தாண்டிக் குதித்தார்.

"அடி பட்டுச்சா? கையைக் காட்டு. தலையைத் திருப்பு. நாக்கு? ஐயோ, நாக்கைக் காட்டு!"

"பெட்ரோல் ஊத்துதுங்க."

"ஊத்தித் தொலையட்டும். நாக்கை நீட்டு!"

நட்டநடுத் தெருவில் மணலில் உட்கார்ந்து அவள் நாக்கை நீட்டினாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். நாக்கு முழுசாக இருந்தது. ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. அன்னைக்கு ஏன் இப்படிக் கேக்கல?"

"என்னைக்கு?"

"வாய் நிறைய ரத்தத்தோட நான் ரோட்டுல நின்னேன். நீங்க என்ன பண்ணீங்க? முன்சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்து அந்தப் பைப்பைத் தடவிப் பார்த்தீங்க. பார்த்துட்டு, 'ஆயில் லீக் ஆகல'ன்னு என்கிட்ட சொன்னீங்க."

சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்த முகத்தோடு வேறு சொல்லியிருந்தார். இப்போது அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அதுக்கா வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னே?"

"பின்ன? ஃபோர்க்குக்கா?"

"தப்புத்தாம்மா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? வெட்கமாக இருந்தது. அவள் கையில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். அவள் கையை அவரிடமே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் கண் கவ்வியில் போய் நின்றது. பன்னிரண்டு வருஷமாகத் தையல்காரரோடு குடும்பம் நடத்துகிறவள், சாக்பீஸ் குறியைப் படிக்கத் தெரியாதா?

"இந்தப் புள்ளி என்ன?"

"அளவு."

"மேல இருக்கிற கோடு?"

அவர் கோட்டைக் கட்டைவிரலால் அழிக்கப் பார்த்தார்.

"மடிச்சுத் தைக்க விட்டீங்களா?"

தையல்காரர் டேப்பைத் தடவினார். "கால்னதும் கை தானா போயிருச்சு."

அவள் மணலில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள், இந்தத் தடவை சிரிப்பு தாங்காமல். "இரும்பை மடிச்சு எந்த மிஷின்ல போட்டுத் தைப்பீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"இதை இறக்குற வரைக்கும் நான் ஏற மாட்டேன். தள்ளுங்க, பட்டறைக்குப் போகலாம்."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். முதல் தெருவில் பேசாமல் வந்தாள். இரண்டாவது தெருவில், "ஒண்ணு தெரியுமா, எங்க லேப்ல போன மாசம்…" என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை. யாரோ யாருடைய ரத்தத்தையோ மாற்றி வைத்தது, அதற்குப் பெரிய டாக்டர் கத்தியது, கத்தினவருடைய ரத்தத்தையே எடுத்துப் பார்த்தது. தையல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தள்ளினார்.

பட்டறை வந்தது. அவள் இன்னும் பாதியில்தான் இருந்தாள். தையல்காரர் நேராகத் தள்ளிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்.

"மச்சான்! பட்டறை இங்க இருக்கு!" என்று மைத்துனன் பின்னாலிருந்து கத்தினான்.

"தெரியும்டா" என்றார் தையல்காரர், நிற்காமல்.